நிற்கத் தெரியாத நாய்

ஈயம் தோண்டி முடித்த நிலத்தில் மிஞ்சுவது மணல்தான். எங்கள் தோட்டத்தின் கடைசி ரப்பர் மரத்தைத் தாண்டினால் ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெள்ளை மணல், ஈப்போ சாலை கண்ணில் படும்வரை மணல். நடுநடுவே லாலான் புல், தொட்டாற்சிணுங்கி முள், பச்சைத் தண்ணீர் தேங்கிய ஈயம் தோண்டிய பழைய லம்பக் குட்டைகள். ஐப்பசி முழுக்கப் பெய்த மழையை ஒரே வாரத்தில் குடித்துவிட்டு, குடித்த சுவடே இல்லாமல் கிடக்கும். பேராக்கில் பாலைவனமா என்று சிரிப்பவர்கள், தை மாதத்துப் பதினோரு மணி வெயிலில் அங்கே வெறுங்காலோடு நின்றுவிட்டுச் சிரிக்கட்டும்.

அந்த மணலில்தான் ஒரு நாய்க்கு நிற்கச் சொல்லிக்கொடுக்க முயன்றேன். எண்பதுகளின் தொடக்கம். மூன்று மாதம். இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

நாய் என்னுடையதல்ல. மணல் லோரிகள் வைத்திருந்த ஒரு கன்ட்ராக்டருடையது. சிலிபின் பக்கம் அவருக்கு லோரிப் பட்டறை இருந்தது. வீட்டில் லைசென்ஸ் உள்ள ரெட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மணல்காட்டில் காடை சுடும் ஆசையும் இருந்தது. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார மானேஜர் விட்டுப்போன பெட்டை நாய் அவர் கைக்கு வந்து சேர்ந்தது. வெள்ளை உடம்பு, ஈரல் நிறத் திட்டு, தொங்கும் காது, ஒன்றரை வயது. பறவை நாய் ஜாதி என்றார்கள். ஜாதிதான் இருந்தது, பழக்கம் இல்லை. தோட்டத்தில் காட்டுப்பன்றி விரட்ட நான் நான்கு நாய் வைத்திருந்ததை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். தீபாவளி முடிந்த மறுவாரம் லோரியின் முன் இருக்கையில் அதை உட்காரவைத்து எங்கள் லயத்து வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, பன்னி நாய் வேற, இது வேற. இது மோப்பம் புடிச்சதும் அப்படியே நிக்கணும். ஒரு காலத் தூக்கிட்டு, சிலை மாதிரி. நான் துப்பாக்கியோட கிட்ட வர்ற வரைக்கும் மூச்சு விடக் கூடாது. குரைக்கவே கூடாது. நான் சொன்னப்புறம்தான் காடைய எழுப்பணும். முடியுமா?"

"முடியும்ணே," என்றேன். முடியாது என்று ஒரு தோட்டத்து ஆள் சொல்லி நான் கேட்டதில்லை.

"தைப்பூசம் முடிஞ்ச ஞாயித்துக்கெழம வாரேன். நல்லா நின்னுச்சுன்னா உன்னைய மாதிரி ஆளுதான் பட்டறைக்கு வேணும்."

கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அவர் எப்படிச் சொன்னாரோ தெரியாது. நான் அதை எப்படிக் கேட்டேன் என்பது எனக்குத் தெரியும். நாய் நின்றால் வேலை. நாய் ஓடினால் வேலை இல்லை.

அந்த வேலை எனக்கு ஏன் வேண்டும் என்பது என் மனைவியின் வயிற்றில் இருந்தது. முதல் பிள்ளை தங்கவில்லை. இரண்டு வாளி ரப்பர் பாலோடு மேட்டிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்தாள், அவ்வளவுதான். இப்போது இரண்டாவது. நாள் தள்ளி ஒரு வாரம். "இந்தப் புள்ளையோட நான் வாளி தூக்க மாட்டேன்ங்க," என்று சொல்லிவிட்டாள். அழாமல், சத்தம் போடாமல், துணி மடித்துக்கொண்டே சொன்னாள். தோட்டத்தில் இரண்டு பேரும் பால் வெட்டினால்தான் குடும்பம். எண்ணெய்க்குச் செம்பனை நடுவதற்காகப் பாதி மரத்தைச் சாய்த்துவிட்டிருந்தார்கள். அவள் வாளி தூக்காமல் இருக்கவேண்டும் என்றால் நாங்கள் தோட்டத்தில் இல்லாமல் இருக்கவேண்டும்.

ஆக ஒரு நாயின் நான்கு கால்மேல் எங்கள் மூன்று பேரின் சோறு.

காலையில் பால் வெட்டி, எடுத்து, ஸ்டோரில் ஊற்றிவிட்டு, கையில் பால் வாடை போகாமலே வாய்க்காலைத் தாண்டுவேன். இடுப்பில் முப்பது அடிக் கயிறு. மூங்கில் கூண்டில் கண்ணி வைத்துப் பிடித்த இரண்டு காடை. கூண்டை லாலானுக்குள் மறைத்து வைப்பேன். நாய் மூக்கைத் தூக்கும். உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடும். அந்த இடத்தில், அந்த ஒரு விநாடியில், அது நிற்கவேண்டும். நிற்காது. பாய்ந்துவிடும். கயிறு என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போகும். போய்க் கூண்டை உருட்டி, அதன்மேல் ஏறி, ஊரைக் கூட்டுகிற மாதிரி குரைக்கும். குரைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வையில் இருந்த சந்தோஷத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் சொன்னதைச் செய்துவிட்டதாகவே நினைத்தது அது.

குரைக்கக் கற்றுக்கொடுத்தது யார்? நான்தான். வேறு இடம் இல்லையென்று அதை என் பன்றி நாய்களோடு ஒரே கொட்டகையில் கட்டியிருந்தேன். பன்றி நாய்க்கு நிற்பது என்றால் சாவு. ஓடவேண்டும், சுற்றிவளைக்கவேண்டும், தொண்டை கிழியக் குரைக்கவேண்டும். பகலில் மூன்று மணி நேரம் நான் ஒன்று சொன்னேன். மிச்ச நேரமெல்லாம் அவை நான்கும் வேறொன்று சொல்லின. புரிந்தபோது ஒரு மாதம் போயிருந்தது. பிறகு தனியாகக் கட்டினேன். தனிமையில் ஊளையிட்டது. லயமே என்னைத் திட்டியது.

வாய்க்கால் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது மனைவியின் அண்ணனுக்குப் பொழுதுபோக்கு. அவனும் பால்வெட்டுக்காரன்தான். எனக்கு அவன் மச்சான், அவனுக்கு நான் மச்சான்.

"மச்சான், காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல மனுசன நிக்க வைக்கவே மண்டோர் தொண்ட கிழியக் கத்துறாரு. நீ நாய நிக்க வைக்கிறியா?"

"வாய மூடிட்டு அந்தக் கூண்ட எடுத்துட்டு வா."

"எனக்கென்னமோ அதுதான் உன்னையப் பழக்குதுன்னு தோணுது. அது ஓடுது, நீ பின்னால ஓடுற. நல்லாத்தான் பழக்கியிருக்கு லா."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் தங்கையின் வயிற்றுக்காகத்தான் நான் ஓடுகிறேன் என்று கத்தியிருக்கலாம். கத்தவில்லை. கயிற்றைச் சுருட்டினேன்.

மார்கழியில் ஒரு சின்ன மாற்றம். பத்துத் தடவையில் ஒரு தடவை, அரை விநாடி, தயங்கியது. முன்னங்கால் அந்தரத்தில் நின்றது. என் நெஞ்சும் நின்றது. பிறகு பாய்ந்தது. அந்த அரை விநாடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அடுத்த மூன்று வாரத்தை ஓட்டினேன்.

தை பிறந்ததும் வெயில் வந்தது. மழைக்காலத்தில் குளிர்ந்து கிடந்த மணல் இப்போது அடுப்புக்கல். நாய் பத்து அடி ஓடும், காலை உதறும், லாலான் நிழலில் போய்ப் படுத்துக்கொள்ளும். இழுத்தால் வராது. நாக்கு தரை தொடும். தண்ணீர் கொண்டுபோனேன். காலை ஐந்து மணிக்கெல்லாம் கூட்டிப்போக வழியில்லை, அது பெரட்டு நேரம். வேலை முடிந்து நான் வரும்போது சூரியன் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும்.

கன்ட்ராக்டர் ஒருநாள் வழியில் நிறுத்தி விசாரித்தார். கால் சுடுகிறது என்றேன். லோரியிலிருந்து ஒரு கனமான இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்தார். அதுவும் அந்த மானேஜர் விட்டுப்போனது. எங்கோ ஒரு பாலைவன தேசத்தில் பறவை சுடுகிறவர்களைப் பற்றியது. படம் படமாகக் காட்டினார். மணல், முள், கள்ளிச்செடி, நாய். "பாரு, தினமும் கொஞ்சங் கொஞ்சமா கெட்டித் தரையில நடக்க விடணுமாம். ரெண்டு மாசத்துல கால் தானா மரத்துப் போகுமாம். தண்ணி, நெழலு, முள்ளு எடுக்கிறது, எல்லாம் போட்டிருக்கு லா. அவசரப்படாத."

அவர் படித்துச் சொன்னது எதுவும் என் காதில் நிற்கவில்லை. படம்தான் நின்றது. படத்தில் இருந்த நாயின் நான்கு காலிலும் தோல் சப்பாத்து.

இரண்டு மாதம் எங்கே இருக்கிறது? பூசத்துக்கு இரண்டு வாரம். தோலுக்கு எங்கே போவேன், தைக்க யாருக்குத் தெரியும்? ஆனால் ரப்பர்! நாங்கள் ரப்பரில் பிறந்தவர்கள். குதிகால் வெடித்தால் பால் தடவுவோம். வாளி ஒழுகினால் பால். கூடை பிரிந்தால் பால். பிள்ளைகளின் பந்தும் மரத்தில் காய்ந்த ஒட்டுப்பால். எங்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து, ஒரே பசை, ஒரே கைவேலை. வெள்ளைக்காரனுக்குத் தோல் என்றால் நமக்குப் பால். அன்று வீட்டுக்கு நடந்த நடையில் நான் மண்டோருக்கு மேல் இருந்தேன்.

மரத்தில் கட்டிய மங்கில் வடிந்த புதுப் பாலில் நாயின் ஒவ்வொரு காலாக முக்கினேன். புகையில் காட்டினேன். காய்ந்தது. மறுபடி முக்கினேன். ஐந்து சுற்று. நக்காமல் இருக்க வேப்பெண்ணெய் பூசினேன். மறுநாள் பார்த்தால் நான்கு காலிலும் மஞ்சள் சப்பாத்து, அளவெடுத்துத் தைத்த மாதிரி. முதலில் அது நடந்த நடையைப் பார்த்து மச்சான் தரையில் உருண்டான். "கல்யாண மாப்பிள்ள மாதிரி நடக்குது மச்சான்!" ஆனால் மணலில் இறக்கியபோது நிழலுக்கு ஓடவில்லை. காலை உதறவில்லை. சூடு ஏறவில்லை! நான் வாய்விட்டுக் கூவினேன்.

நிற்கத்தான் இல்லை. சூடு தெரியாத காலோடு முன்னைவிட வேகமாக ஓடியது.

பன்னிரண்டு நாள் அந்தச் சப்பாத்தைக் கழற்றவே இல்லை. கிழிந்த இடத்தில் மேலே பால் பூசினேன். என் மனைவிதான் சொன்னாள். மூன்றாம் மாதம் கடந்திருந்தது, எந்த வாடையும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "அந்த நாயோட கால் நாறுதுங்க. ரப்பர் நாத்தம் இல்ல, வேற. கழட்டிப் பாருங்க."

"பூசம் முடியட்டும்."

"உள்ள வேர்க்காதா? நம்ம காலு பூட்ஸுக்குள்ள எப்படி ஆவுது?"

"நாய்க்கு எங்க வேர்க்கும்? நாக்குலதான வேர்க்கும்," என்றேன். பெரிய ஆள் மாதிரி.

நாய்க்கு உள்ளங்காலில்தான் வேர்க்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவள் சொன்னாள். நான் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு. ஆறு மணிக்கு வருவதாகச் சொன்ன கன்ட்ராக்டர் பத்து மணிக்கு வந்தார், லோரி டயர் பஞ்சர் என்று. மணல் ஏற்கெனவே கண்ணைக் குத்தியது. அவர் துப்பாக்கிக் குழலை மடித்துத் தோட்டா போட்டார். நான் கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

ஓடியது. வழக்கம்போல, மூன்று மாதமாக ஓடிய அதே ஓட்டம். முதல் கூட்டம் காடை எங்களுக்கு நூறு அடிக்கு முன்னால் புர்ரென்று எழுந்து போய்விட்டது. கன்ட்ராக்டர் என்னைப் பார்த்தார். நான் மணலைப் பார்த்தேன். மணலில் ஒரு மஞ்சள் சப்பாத்து கிடந்தது. குனிந்து எடுத்தேன். உள்பக்கம் வழவழப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. ரப்பர் அல்ல. தோல்.

நாய் நடை தளர்ந்து, முள்ளுக்குள் தடவித் தடவிப் போனது. இன்னொரு சப்பாத்து கிழிந்து தொங்கியது. உள்ளங்காலின் கறுப்பு மெத்தை வெளுத்து, ஊறி, உரிந்து, அடியில் செக்கச் சிவப்பு. லாலான் ஓரத்தில் மூக்கைத் தூக்கியது. நடுங்கியது. ஒரு முன்னங்காலை மேலே எடுத்தது.

நின்றது.

ஒரு சத்தம் இல்லை. வால் நேராக, கழுத்து நேராக, அந்த ஒரு கால் அந்தரத்தில். புத்தகத்துப் படம் மணலில் இறங்கி வந்து நின்ற மாதிரி. என் பக்கத்தில் கன்ட்ராக்டர் மூச்சை உள்ளே இழுத்தார். "பாத்தியா... பாத்தியா தம்பி..." என்று கிசுகிசுத்தபடி காலடி வைத்து முன்னே போனார். நாய் அசையவில்லை. அடுத்த காலைத் தரையில் வைக்க அதனால் முடியவில்லை. எனக்குத் தெரியும். இந்த உலகத்தில் எனக்கும் நாய்க்கும் மட்டும் தெரியும்.

காடை எழுந்தது. இரண்டு வேட்டு. இரண்டு விழுந்தது. இன்னொரு தடவை நின்றது, இன்னொன்று விழுந்தது. நான் ஓடிப்போய் நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். லம்பக் குட்டையில் காலைக் கழுவி, சட்டையைக் கிழித்துக் கட்டினேன்.

"என்னாச்சு காலு?"

"மணல்ல கொஞ்சம் வெந்துருச்சுண்ணே."

"மருந்து போட்டா சரியாயிரும்லா. நீ ஆளுதான்! அடுத்த மாசம் பட்டறைக்கு வந்துரு. பின்னால ஒரு ரூம்பு இருக்கு, கொஞ்ச நாளைக்கு இருந்துக்க."

சொல்லியிருக்கவேண்டிய இடம் அது. என் கையில் அதன் ரத்தம் இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

சிலிபின் எங்களுக்குப் பிடித்திருந்தது. குழாயைத் திருகினால் தண்ணீர். பெரட்டு மணி இல்லை. மனைவி பகலில் தூங்கினாள், என் நினைவில் முதல் தடவையாக. நான் லோரிக்கு அடியில் படுத்து கிரீஸ் அடித்தேன். நாய் கன்ட்ராக்டர் வீட்டில் கட்டுப்போட்ட காலோடு கிடந்தது. மே மாத வாக்கில் கால் ஆறிவிட்டது. கூட்டாளிகள் நான்கு பேரை அழைத்துக்கொண்டு அவர் மணல்காட்டுக்குப் போனார். நாய் ஆறிய காலோடு என்ன செய்யும்? ஓடியது. ஒரு காடையையும் மிச்சம் வைக்காமல் எழுப்பிவிட்டு, நான்கு பேருக்கு முன்னால் நின்று குரைத்தது.

திங்கட்கிழமை பட்டறைக்கு நாயோடு வந்தார். கோபமாக இல்லை. "தம்பி, வீட்டுல செல்லம் குடுத்துக் கெட்டுப் போச்சு. தோட்டத்துல எப்படிப் பழக்குனியோ, அதே மாதிரி ரெண்டு வாரம் பழக்கிக் குடு. என்ன சுசா உனக்கு, என்ன கஷ்டம்? ஒரு தடவ செஞ்சவன்தான?"

அதே மாதிரி.

ஐந்து நாள், வேலை முடிந்த சாயங்காலங்களில் நாயை மணலுக்குக் கூட்டிப்போனேன். கயிறு, கூண்டு, உள்ளங்கை எரிச்சல். ஓடியது, ஓடியது, ஓடியது. அதன் புதுத் தோல் இளஞ்சிவப்பாக, குழந்தையின் உதடு மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை மச்சான் பட்டறை ரூம்புக்குச் சைக்கிளில் வந்தான். கைப்பிடியில் மூடி போட்ட ஒரு டின் தொங்கியது. நான் கேட்கவில்லை, அவனாகக் கொண்டுவந்திருந்தான்.

"காலையில வடிச்சது மச்சான். மருந்து ஊத்தியிருக்கேன், கட்டியாவாது."

"எதுக்கு?"

"இது போட்டாத்தான நின்னுச்சு?" இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. "என் தங்கச்சி ஏழு மாசம்டா. மறுபடி அந்த மேட்டுல அவள ஏத்தணுமா?"

டின்னைத் திறந்தேன். வெள்ளை, அசையாத வெள்ளை. நாய் வந்து மோந்து பார்த்தது. மோந்ததும் பின்வாங்கி, சுவரோரம் போய், நான்கு காலையும் வயிற்றுக்கடியில் மடித்து வைத்துக்கொண்டு படுத்தது. நான் அதன் ஒரு காலை வெளியே இழுத்தேன். இழுத்தேன் என்பதை எழுதாமல் விட மனசு வரவில்லை. அது கடிக்கவில்லை. கொடுத்தது.

விட்டுவிட்டேன். டின்னை மூடி மச்சானிடம் கொடுத்தேன். என் வாயில் வந்த கெட்ட வார்த்தை அவனுக்கு அல்ல.

மறுநாள் காலை கன்ட்ராக்டர் முன்னால் நின்றேன். "அண்ணே, நான் பழக்கல. ரப்பர் பால்ல சப்பாத்து போட்டேன். உள்ள கால் அழுகிப்போச்சு. நடக்க முடியாமதான் அன்னிக்கு நின்னுச்சு. எனக்கு நிக்க வைக்கத் தெரியாது."

"அலாமா," என்றார் அவர். "அன்னிக்கே ஏன்டா சொல்லல?"

"வேலை போயிரும்னு..."

"எந்த வேலை?"

"பட்டறை வேலைண்ணே. நாய் நின்னாத்தான் வேலைன்னு சொன்னீங்க."

"நானா?" அவர் முகத்தில் இருந்தது பொய் இல்லை. "கிரீஸ் அடிக்கிறதுக்கு நாய் எதுக்கு நிக்கணும்? எனக்கு ஆள் தேவப்பட்டுச்சு. மழைக்காலத்துலேயே கேட்டிருந்தா அப்பவே வரச்சொல்லியிருப்பேன்லா. உன் வாய்க்கு என்ன வந்துச்சு?" சொல்லிவிட்டு ஒரு டிரைவரைக் கூப்பிட்டு, வேறு ஏதோ லோரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, "போ, போய் வேலையப் பாரு," என்றார்.

வேலை போகவில்லை. மகிழ்ச்சியாக இருந்திருக்கவேண்டும்.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் அவரையாவது திட்டியிருப்பேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே நின்றேன். தோட்டத்தில் எவனும் வேலை கேட்டு வாங்கியதில்லை. பெரட்டில் நிற்போம், மண்டோர் விரல் நீட்டுவார். விரல் நீளவேண்டுமென்றால் ஏதாவது செய்து காட்டவேண்டும். வாயைத் திறந்து கேட்பது அங்கே திமிர். அந்தப் பழக்கத்தோடு ஒரு நல்ல மனிதர் முன்னால் போய் நின்று, மூன்று மாதம் ஒரு வார்த்தைக்குப் பதிலாக நாயின் நான்கு காலைத் தேய்த்திருக்கிறேன்.

மத்தியானம் சோறு போடும்போது மனைவியிடம் சொன்னேன். கரண்டி அப்படியே நின்றது.

"கேட்டிருந்தாலே குடுத்திருப்பாரா?"

"ம்."

"மழைக்காலத்துலேயேவா?"

"ஆமா."

அவள் சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள். மழைக்காலத்திலிருந்து மாசி வரை, வயிற்றில் பிள்ளையோடு, ஒவ்வொரு நாளும் அவள் வாளி தூக்கிய மேட்டை எண்ணிக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரிந்தது. நாய் நிற்கும்வரை வேறு வழியில்லை என்று நான் சொல்லி, மாட்டேன் என்றவளைத் தூக்கவைத்திருந்தேன். எனக்கு முன்னால் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நான் சாப்பிடவில்லை. பட்டறைக்குத் திரும்பிப் போய், முதலில் கண்ணில் பட்ட லோரிக்கு அடியில் புகுந்துகொண்டேன். சட்டத்தில் ஒட்டியிருந்த மணல், தட்டத் தட்ட, என் கண்ணிலும் வாயிலும் கொட்டியது. தட்டிக்கொண்டே இருந்தேன்.